தசைக்கும் தோலுக்கும் நடுவே ஓஸ்வால்ட்

அடுகோடி தாண்டி ஓசூர் ரோட்டின் ஓரம் இருந்த தடுப்பூசி வழி ஆராய்ச்சி நிலையத்தில், 1998-ஆம் வருஷத்து வருகைப் பதிவேட்டின்படி அறுபத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் அறுபது பேர் உயிரோடு இருந்தார்கள். மிச்சம் ஒருவர் எலிக்கூட உதவியாளர் ஓஸ்வால்ட். அவர் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நிலையத்தில் அவரைப்போல ஒழுங்காக வேலைக்கு வருகிறவர் கிடையாது. மற்றவர்கள் கல்யாணம், காய்ச்சல் என்று லீவு போட்ட நாளில்கூட, ஓஸ்வால்ட் பெயருக்கு நேரே காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்து விழுந்துவிடும்.

போடுகிறவன் பச்சைமுத்து. தொம்மலூர் பழைய ஊருக்குள் குடியிருப்பவன், வயது முப்பத்தெட்டு. அவன் பெயர் பதிவேட்டில் இல்லை. ஓஸ்வால்ட் செத்ததாக ஃபைலில் இன்னும் முடிவாகாததால் அவருடைய வேலை காலியாகவில்லை. காலியாகாத வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் எலிகளுக்குத் தீனி போட ஆளில்லை. ஆகவே, "ஓஸ்வால்ட் பணிக்குத் திரும்பும் வரை ஓஸ்வால்டாகப் பணியாற்ற" பச்சைமுத்துவுக்கு ஓர் உத்தரவு கொடுத்தார்கள். முதல் மாதம் அவன் ஓஸ்வால்ட் என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் குறித்தான். பதிவேடு அசிங்கமாகிறது என்று ஆபீசில் திட்டினார்கள். பிறகு ஓஸ்வால்ட் என்று மட்டும் போட்டான். வருஷம் ஒன்று போனதும் எல்லாரும் அவனை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

ஓஸ்வால்ட் எப்படிச் செத்தார் என்று கேட்டால் மூளைக் காய்ச்சல் என்பார்கள். அப்படியென்றால் அதையே எழுதி ஃபைலை மூடுவதுதானே என்று கேட்டால், எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும்.

நிலையத்தின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெறிநாய்க்கடி நோய்க்குப் புது மாதிரித் தடுப்பூசி. பழைய முறையில் செத்த கிருமியை உடம்புக்குள் ஏற்றுவார்கள். இதில் கிருமி கிடையாது. அதன் ஒரு துண்டை எப்படிச் செய்துகொள்வது என்ற குறிப்பை மட்டும் டி.என்.ஏ.வாக அனுப்புவார்கள், சாப்பாட்டை அனுப்பாமல் செய்முறையை எழுதி அனுப்புகிற மாதிரி. உடம்பே அந்தத் துண்டைச் செய்து, உடம்பே அதைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளும். அந்தக் கோபம்தான் நமக்கு வேண்டியது.

குறிப்பு ஒன்றுதான். எந்த வழியாக அனுப்புவது என்பதில்தான் சண்டை. மாடியில் இடது பக்கம் தசைப் பிரிவு, தலைவர் டாக்டர் கஸ்தூரிரங்கன். குறிப்பை உப்புத் தண்ணீரில் கலந்து எலியின் தொடைத் தசையில் ஊசியால் ஏற்ற வேண்டும் என்பார். வலது பக்கம் தோல் பிரிவு, தலைவி டாக்டர் சங்கமித்ரா. தங்கத் தூளில் குறிப்பைப் பூசி, எலியின் வயிற்று முடியை மழித்து, துப்பாக்கியால் தோலுக்குள் சுட வேண்டும் என்பார். துப்பாக்கி என்றால் நிஜமாகவே துப்பாக்கி, வாயுவில் வெடிக்கும். தசை வழியாகப் போனால் உடம்பு கிருமியை நேரே அடிக்கிற செல்களை, அடியாட்கள் மாதிரி, அனுப்புகிறது. தோல் வழியாகப் போனால் எதிர்ப்புப் பொருளை, வக்கீல் நோட்டீஸ் மாதிரி, அனுப்புகிறது. அனுப்பிய குறிப்பு அதுவேதான், வந்த பதில்தான் வேறு. இது உண்மையான, அழகான கண்டுபிடிப்பு. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் ஊர் இரண்டுபட்டால்தான் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இயக்குநர் டாக்டர் ஸ்ரீகண்டனுக்குத் தெரியும்.

எலிக்குத் தங்கத் தூள் போடுகிற விஷயத்தைப் பச்சைமுத்து ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டான். அவன் பெண்டாட்டி லட்சுமம்மா ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. "எலி பொறந்த நேரம் அப்படி. நான் பொறந்த நேரம் உன் வூட்டுக்கு வந்தேன்," என்றாள்.

ஒரு பிரிவின் காற்று இன்னொரு பிரிவில் பட்டால் முடிவு கெட்டுவிடும் என்று நிலையத்துக்கு இரண்டு வாசல் வைத்திருந்தார்கள். தசைக்காரர்களுக்கு மேற்கு வாசல், நீலக் கோட்டு. தோல்காரர்களுக்குக் கிழக்கு வாசல், வெள்ளைக் கோட்டு. எலிக்கூடம் மட்டும் கீழே ஒன்றுதான். நடுவே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. பச்சைமுத்து தசை எலிகளுக்குத் தீனி போட்டுவிட்டு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மேற்கு வாசலில் வெளியேறி, நீலக் கோட்டைக் கழற்றி, மதில் சுவரைச் சுற்றி முக்கால் பர்லாங் நடந்து, வெள்ளைக் கோட்டை மாட்டி, கிழக்கு வாசல் வழியாக உள்ளே வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான். எலிகள் மட்டும் கம்பிக்குள் மூக்கை நீட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் வேடிக்கைதான். ஆனால் எலிக்கூடத்தில் வேடிக்கை இல்லாத ஒன்றும் இருந்தது. கூண்டுகளின் மேல் தண்ணீர்ப் புட்டிகள் தலைகீழாகச் செருகியிருக்கும். எலி குழாயை நக்கும்போது டிக், டிக் என்று சத்தம் வரும். பதினேழாம் நம்பர் கூண்டில் ரொம்ப நாளாக எலியே கிடையாது. ஆனால் அதன் புட்டியில் காலையில் நிரப்பிய தண்ணீர் மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்துகொண்டிருக்கும்போது, பச்சைமுத்து முதுகைத் திருப்பியதும் அங்கிருந்து டிக், டிக் என்று கேட்கும். எலி குடிக்கிற சத்தம் அல்ல அது. குடிக்க முயன்று முடியாமல் போகிற சத்தம். அவன் திரும்பினால் நின்றுவிடும்.

புட்டி ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தான். எந்தப் பிரிவுக் கூண்டு என்று கேட்டுக் காகிதம் திரும்பி வந்தது. பதினேழு சரியாக மஞ்சள் கோட்டின் மேல் இருந்தது.

ஜூலைக் கடைசிப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, அதே பதினேழில் புதிதாகக் கொண்டுவந்து விட்டிருந்த எலி பச்சைமுத்துவின் வலது ஆள்காட்டி விரலைக் கடித்தது. சாதாரண எலி அல்ல. தடுப்பூசி பலிக்கிறதா என்று பார்க்க, முந்தின வாரம்தான் அதற்கு வெறிநோய்க் கிருமி ஏற்றியிருந்தார்கள். கையுறை இருந்ததே என்று கேட்காதீர்கள். கையுறை நீலமா வெள்ளையா என்று முடிவாகாமல் வாங்காமலே இருந்தார்கள்.

ரத்தம் இரண்டு சொட்டு. பச்சைமுத்து குழாயைத் திறந்து சோப்பை எடுத்தான்.

"கழுவாதே!" என்று வாசலில் இருந்து ஒரு சத்தம். டாக்டர் கஸ்தூரிரங்கன். இருபது வருஷத்தில் அவர் எலிக்கூடத்துக்குள் ஓடி வந்தது அதுதான் முதல் தடவை. "கழுவினா டெப்த் போயிடும்பா. கடி தசை வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். எனக்கென்னவோ போயிருக்குன்னுதான் தோணுது."

"சும்மா மேல்தோல் கீறல்," என்றபடி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார் டாக்டர் சங்கமித்ரா. "ஓஸ்வால்ட், கையை இந்தப் பக்கம் நீட்டுங்க. நீங்க தாண்ட வேணாம், கை மட்டும்."

"மேடம், சோப்பு போட்டுக் கழுவிட்டு நீட்றேன் மேடம். கிருமி எலி மேடம் இது."

"அதனாலதான் சொல்றேன். கழுவினா எவிடன்ஸ் போச்சு."

ஒரு மணி நேரம் அவன் விரல் மஞ்சள் கோட்டின் மேல் நீண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் இருந்து ஒருவர் மெல்லிய கம்பியை விட்டு அளந்தார். அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் போட்டோ எடுத்தார். தசைப் பிரிவு இரண்டு மில்லிமீட்டர் என்றது. தோல் பிரிவு ஒன்று என்றது. மறுபடி அளந்தார்கள். அளந்து அளந்தே கடி ஆழமானது. பதினொன்றரைக்குத்தான் சோப்பு போட விட்டார்கள்.

ஆட்களுக்குப் போடுகிற தடுப்பூசி நிலையத்தில் இல்லையா என்றால், இருந்தது. குளிர்பெட்டியில் பன்னிரண்டு குப்பிகள், நல்ல கம்பெனி மருந்து. ஊழியர்களுக்கென்று மூன்று வருஷத்துக்கு முன் முதன்முதலாக வந்து, காலாவதியாகி, மறுபடி வாங்கி, மறுபடி காலாவதியாகி, இப்போது இருப்பது மூன்றாம் தடவை. புஜத்துத் தசையில் போட வேண்டும் என்று கஸ்தூரிரங்கன் எழுதியிருந்தார். தோலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாலே போதும் என்று சங்கமித்ரா எழுதியிருந்தார். இரண்டில் எதுவாக இருந்தாலும் ஆள் பிழைப்பான். அதுதான் பிரச்சினையே. முடிவாகும் வரை குளிர்பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஆளுக்கு ஒரு சாவி.

அப்படியானால் பச்சைமுத்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். லட்சுமம்மாவும் அன்று சாயங்காலம் அதைத்தான் கேட்டாள்.

"கொல்லன் தெருவுல போய் ஊசி விக்கச் சொல்றியா?" என்றான் அவன். "இந்தியாவுலயே இந்த ஊசிக்குன்னு இருக்குற டாக்டருங்க அவங்க. வெளிய போட்டுக்கிட்டா வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க. ஒத்துழைச்சா என் பேருலயே பர்மனென்ட் பண்றாங்களாம்."

"உன் பேரு அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள் லட்சுமம்மா.

அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இந்த நோய் வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று அவளுக்கும் தெரியும். அவன் குடித்தான். இறங்கியது. அவள் சொம்பை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் பச்சைமுத்துவுக்கு முதல் வேலை அதுதான். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு மடக்கு, தொண்டையில் கை. இறங்குகிறதா? இறங்குகிறது. அப்படியென்றால் இன்றைக்கு நான் இருக்கிறேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கூட்டம் நடந்தது. சனி, ஞாயிறு விடுமுறை. கிருமிக்கும் விடுமுறை என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. திங்கட்கிழமை பச்சைமுத்துவையே கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். அவன் எந்தக் கோட்டுப் போட்டு வருவது என்று தெரியாமல், கோட்டு இல்லாமல் போய் நின்றான். மேஜையில் பிஸ்கட்டும் காபியும் இருந்தன.

இயக்குநர் ஸ்ரீகண்டன் எழுந்து பேசினார். அவர் ஆட்களிடம் பேசுவதில்லை, எப்போதும் சபையிடம்தான்.

"நண்பர்களே, விஞ்ஞானம் என்பது பொறுமை. ஓஸ்வால்டுக்கு அந்தப் பொறுமை நிறைய இருக்கிறது. சாதாரண தடுப்பூசி போட்டு இவரை அனுப்பிவிடுவது சுலபம். எந்த ஆஸ்பத்திரியும் அதைச் செய்துவிடும். அதற்கு நாம் எதற்கு? நம்முடைய டி.என்.ஏ. தடுப்பூசியை மனித உடம்பு எந்த வழியில் எப்படி ஏற்கும் என்பது உலகத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் பத்து வருஷம் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே வாய்ப்பு தானாகவே கோட்டு இல்லாமல் வந்து நிற்கிறது."

"இடது தொடையில் ஊசி," என்றார் கஸ்தூரிரங்கன்.

"வயித்துல துப்பாக்கி," என்றார் சங்கமித்ரா. "முடியை மழிக்கணும். அது ஓஸ்வால்டே பண்ணிக்கலாம், எலிக்கெல்லாம் அவர்தானே பண்றார்."

"இரண்டும் செய்வோம்," என்றார் இயக்குநர் தாராளமாக. "இடது பாதி தசைப் பிரிவுக்கு, வலது பாதி தோல் பிரிவுக்கு."

"சார்," என்றான் பச்சைமுத்து. குரல் அவனுக்கே வேறு யாருடையது போல இருந்தது. "அது பலிக்குதான்னு எப்படி சார் தெரியும்?"

இயக்குநர் முதல் தடவையாக அவனைப் பார்த்து மலர்ந்தார். "பார்த்தீர்களா! இதுதான் விஞ்ஞான மனசு. ஊசி போட்டவனுக்கு நோய் வரவில்லை என்றால் மட்டும் போதாது. அதே எலி கடித்து, ஊசியே போடாமல் விட்டவனுக்கு நோய் வந்ததா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். நல்லவேளை, நம்மிடம் கண்ட்ரோல் தயாராக இருக்கிறது." ஒரு ஃபைலை எடுத்துத் தட்டினார். "தொண்ணூற்றாறு ஜூன் மாதம். அதே கிருமி, அதே விரல். எந்த வழியிலும் எதுவும் கொடுக்கப்படவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் தண்ணீர் இறங்கவில்லை, நாற்பத்தாறாம் நாள் முடிந்தது. மிகச் சுத்தமான பதிவு. பெயர்..." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "ஓஸ்வால்ட்."

அறையில் யாரோ பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பவும் கடி தோலா தசையான்னு பேசிக்கிட்டுதான் இருந்தோம்," என்றார் கஸ்தூரிரங்கன், கொஞ்சம் வருத்தமாகவே. "அதுக்குள்ள கண்ட்ரோலாயிட்டார்."

"ஆனா அவர் செத்துட்டதா எழுத முடியாது," என்றார் சங்கமித்ரா. "வழி முடிவாகல இல்லையா."

பச்சைமுத்துவின் காதில் டிக், டிக் என்று கேட்டது. எலிக்கூடம் ரெண்டு மாடி கீழே இருந்தது. அங்கிருந்து கேட்க வழியில்லை. இரண்டு வருஷமாகப் பதினேழாம் கூண்டில் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தது யார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது: ஒரு மனுஷன் தாகத்தோடு கிடந்திருக்கிறான், நானோ புட்டி ஒழுகுகிறது என்று காகிதம் எழுதியிருக்கிறேன்.

மூத்திரம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். அது ஒன்றுக்குத்தான் அங்கே அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மேற்கு வாசலில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். ஃபிராக்கும் கறுப்புக் குடையும். ஓஸ்வால்டின் மனைவி மௌரீன். மாதாமாதம் முதல் திங்கட்கிழமை ஜீவனஹள்ளியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தன் புருஷன் செத்துப்போனதை எழுதித் தரும்படி கேட்பார். காவல்காரர் ஃபைல் நடக்கிறது என்பார். அந்தம்மாவிடம் பேசக் கூடாது என்று ஊழியர்களுக்கு வாய்மொழி உத்தரவு. பச்சைமுத்துவும் இத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டு சுவரைச் சுற்றிப் போனவன்தான்.

மௌரீன் அவன் விரல் கட்டைப் பார்த்தார்.

"என்ன அது?"

"எலி கடிச்சிருச்சும்மா."

"எப்போ?"

"புதன்கிழமை."

"ஊசி?"

அவன் கட்டுப் போட்ட விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அளந்தாங்களா?" என்று கேட்டார் மௌரீன். "கம்பி விட்டு அளந்தாங்களா? என் ஓஸியையும் அளந்தாங்க. இன்ஸ்டிட்யூட்டே பாத்துக்கும் மௌரீன், இவங்களுக்குத் தெரியாததான்னு சொல்லிட்டே இருந்தார். கடைசியில என் கையால ஸ்பூன்ல தண்ணி குடுத்தா, என்னையே தள்ளிவிட்டார்." அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நட."

"வேலை போயிடும்மா."

"போகட்டும். ஆளு இருந்தா வேலை பாத்துக்கலாம். ஆட்டோ!"

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறைக்கு முன்னால் பெஞ்சில் பதினைந்து பேர் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நாயா?"

"எலி சிஸ்டர்," என்றான் பச்சைமுத்து.

"எலிக்கெல்லாம் இந்த ஊசி இல்லப்பா. போய் டி.டி. ஊசி போட்டுக்கோ."

"சும்மா எலி இல்ல சிஸ்டர்," என்றார் மௌரீன். "படிச்ச எலி. இன்ஸ்டிட்யூட் எலி. உள்ள கிருமி ஏத்தி வெச்சிருக்காங்க. கடிச்சு அஞ்சு நாளாச்சு."

நர்ஸம்மா இப்போது நிமிர்ந்தார். அவனையும் அவன் விரலையும் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "அஞ்சு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க, கலீஜு பசங்களா," என்று பொதுவாக ஒரு திட்டு. முதலில் குழாயடிக்கு அனுப்பிக் கால் மணி நேரம் சோப்பு போடச் சொன்னார். பிறகு படுக்கச் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினம் ஒன்று. ஆட்டு மூளையில் செய்த பழைய மருந்து. வலி உயிர் போனது. போகிற உயிர் போகட்டும், இருக்கிறது என்று தெரிகிறதே என்று பச்சைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

பதினாலு நாளும் மௌரீனும் லட்சுமம்மாவும் முறை வைத்துக் கூடப் போனார்கள். நிலையத்தில் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் ஓஸ்வால்டை அனுப்பியதாகும். ஓஸ்வால்டோ ஃபைலில் இருந்தார். ஆனால் நோட்டீஸ் வந்தது. அவன் பெற்ற ஊசி தசைக்கும் போகவில்லை, தோலுக்குள்ளும் நிற்கவில்லை, இரண்டுக்கும் நடுவே கொழுப்பில் போடப்பட்டிருக்கிறது. நிலையம் அங்கீகரித்த வழிகளில் அப்படி ஒன்று இல்லை. ஆகவே அவனுக்குத் தடுப்பூசி போடப்பட்டதாகக் கருத இயலாது. உயிரோடு இருப்பதற்கான விளக்கத்தை ஏழு நாளைக்குள் எழுத்தில் தர வேண்டும்.

அவன் எழுதித் தரவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் காலையில் சொம்பை எடுத்தவன் பாதித் தண்ணீரை வேட்டியில் கொட்டிக்கொண்டான். மிச்சம் இறங்கியது. நாற்பத்தாறாம் நாளும் இறங்கியது. அன்றைக்கு அவன் குழாயடியில் உட்கார்ந்து, வயிறு முட்ட, வாந்தி வருகிற வரை குடித்தான்.

அவனைக் கிருமி எலிகள் பக்கம் விடாமல் கூண்டு கழுவ மட்டும் வைத்தார்கள். எலிகளைப் பார்க்க அக்டோபரில் புதிதாக ஓர் ஆள் வந்தான். முகேஷ். முப்பத்தைந்து வயது, மூடிப்போன ஒரு ஃபாக்டரியில் வேலை போனவன், இரண்டு பெண் பிள்ளைகள். அவனுக்கும் அதே உத்தரவு. அவனும் ஓஸ்வால்டாகத்தான் பணியாற்ற வேண்டும். இப்போது ஒரே பெயரில் மூன்று பேர் ஆயிற்று. எலிக்கூடத்தில் யாராவது ஓஸ்வால்ட் என்று கூப்பிட்டால் இருவர் திரும்பிப் பார்ப்பார்கள். பதினேழாம் கூண்டில் சத்தம் நிற்கும்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், முகேஷை எலி கடித்தது.

பச்சைமுத்து கூண்டு கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் பூதக்கண்ணாடி. நடுவில் இயக்குநர்.

"போன தடவை என்ன தப்பு நடந்தது?" என்று அவர் சபையைக் கேட்டார். "கண்ட்ரோல் இருந்தது, சோதனை ஓடிப்போய்விட்டது. இந்தத் தடவை அவசரப்பட வேண்டாம். முதலில் வழியைத் தீர்மானிப்போம். தம்பி, கவலைப்படாதே. நீ எப்படிப் போனாலும் எங்களுக்கு உபயோகம்தான்."

முகேஷுக்குப் புரியவில்லை. "ஆய்த்து சார், சரி சார்," என்று மட்டும் சொல்லிக்கொண்டு கையை நீட்டியபடி நின்றான். அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்கப் பச்சைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அந்த நம்பிக்கையோடுதான் ஒரு மனுஷன் நாற்பத்தாறு நாள் வாழ்ந்திருக்கிறான்.

வாளியைக் கீழே வைத்தான். நேராக மஞ்சள் கோட்டைத் தாண்டினான். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஒன்றும் இடிந்து விழவில்லை. முகேஷின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

"ஓஸ்வால்ட்! எவிடன்ஸ்!" என்று கத்தினார் சங்கமித்ரா.

"ஓஸ்வால்ட், யூ ஆர் டிஸ்டர்பிங் த டெப்த்!" என்றார் கஸ்தூரிரங்கன்.

"என் பேரு பச்சைமுத்து சார்," என்றான் அவன், நுரையைப் பார்த்துக்கொண்டே. "அவரை விடுங்க. அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்கதான் சாக உட்டீங்க."

கால் மணி நேரம் கழுவினான். யாரும் கிட்டே வரவில்லை. அவர்களில் பாதிப்பேர் கோட்டின் தப்பான பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், தாண்டுவதற்குச் சுவரைச் சுற்றி வர வேண்டும். நுரை வடிந்ததும் முகேஷைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். நடந்தவன் நின்றான். பதினேழாம் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றான் மெதுவாக. "நீங்களும் வாங்க. இங்க தண்ணி கெடைக்காது."

சத்தம் நின்றது.

பஸ்ஸில் கூட்டம் அதிகம் இல்லை. மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் முகேஷை உட்கார வைத்து, வெளி ஓரத்தில் பச்சைமுத்து உட்கார்ந்தான். முகேஷ் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு, "என்னாண்ணா ஆவும் எனக்கு?" என்றான்.

"ஒண்ணும் ஆவாது. வயித்துல பதினாலு ஊசி. உயிர் போறாப்ல வலிக்கும். போவாது."

கண்டக்டர் வந்து பையைக் குலுக்கி, எத்தனை டிக்கெட் என்று கன்னடத்தில் கேட்டார். "எஷ்டு?"

"மூரு," என்று மூன்று விரலைக் காட்டினான் பச்சைமுத்து.

கண்டக்டர் அவனைப் பார்த்தார், முகேஷைப் பார்த்தார், நடுவில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.